வீட்டிலே ஒரு பாலர் பள்ளி

"வயது நான்கு நிறைந்துவிட்டது, இன்னும் ஒன்றுமே கற்கவில்லை" என்று தம் குழந்தையைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளும் பெற்றோரை நம் கிராமங்களில் அடிக்கடி காண்கிறோம். அருகே நிற்கும் அக்குழந்தையை அழைத்து, வீட்டு மாடுகளுள் எது முட்டும், எந்தக் கோழி அடைகாக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். தடையின்றி விடை கூறும். ஆகவே, "ஒன்றுமே கற்கவில்லை" என்று பெற்றோர் கூறுவதன் பொருள், குழந்தை இன்னும் எழுதத் தொடங்கவில்லை என்பதே. எழுத்து வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. எழுத்துக்கு முன்னே கற்க வேண்டுவன பல உள்ளன என்றும், அவற்றைக் கற்பதற்கு உழவர் வீட்டைவிட வசதியான இடம் அரிது என்றும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறந்த குழந்தையின் மூளை, வளர்ந்தோர் மூளையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அளவே இருக்கும். 6 வயது நிறைவதற்குள் அது சுமார் 90 சதவிகித அளவை எட்டிவிடுகிறது. இந்த வளர்ச்சிக்குப் பாலும் பருப்பும் முட்டையும் கீரையும் இன்றியமையாதவை. அவற்றைப் போலவே பெரியவர்களுடைய பேச்சும், பொருள்களைத் தொட்டும் புரட்டியும் பார்க்கும் வாய்ப்பும், ஓடியாடும் விளையாட்டும் இன்றியமையாதவை. முன்னதை நாம் ஒருவாறு உணர்ந்துவிட்டோம். பின்னதை இன்னும் போதிய அளவு உணரவில்லை.

இது புதிய கொள்கையும் அன்று. ஜெர்மானியரான புரோபெல் 1837-இல் சிறு குழந்தைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கி, பின்னர் அதற்குக் குழந்தைகளின் தோட்டம் எனப் பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரைச் சூட்டினார். இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவரே 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க் காலத்தில் சில ஆண்டுகள் கோடைக்கானலிலும் தங்கியிருந்தார். அம்மையாருடைய முறையில் தண்ணீர் ஊற்றுதல், பாத்திரம் கழுவுதல், பெருக்குதல், பொத்தான் போடுதல் ஆகியவையே தொடக்கப் பாடங்கள். நம் வீட்டுக் குழந்தை இவற்றைச் செய்யப் புகுந்தால் "குறுக்கே வராதே" என்று விரட்டுகிறோம். நகரத்திலோ, பணம் கட்டி இவற்றையே கற்பிக்கிறார்கள்!

நமக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு தாராபாய் மோடக் அம்மையாரின் பணி. இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தின் கடலோரக் கிராமமான போர்டியில் 1945-இல் அவர் ஒரு கிராமக் குழந்தைக் கல்வி நிலையத்தை நிறுவினார். அனுதாய் வாக் அம்மையார் அவருக்குத் துணை நின்றார். ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்களின் குழந்தைகள் பள்ளிக்கு வாராமையைக் கண்ட தாராபாய், பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டு சென்றார். பின்னர் கோஸ்பாட் குன்றுப் பகுதியில், மாடு மேய்க்கும் ஆதிவாசிச் சிறுவர்களுக்காக ஆசிரியர் மேய்ச்சல் நிலத்துக்கே செல்லும் பள்ளியும் நடைபெற்றது. இலை, விதை, கூழாங்கல், களிமண் ஆகியவையே அங்குக் கல்விச் சாதனங்கள். அங்கன் என்ற சொல் வீட்டு முற்றத்தைக் குறிக்கும். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் தொடங்கப்பட்டபின் அங்கன்வாடி என்னும் பெயர் நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ 54 ஆயிரம் அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. முற்றத்திலிருந்து பிறந்த பள்ளி அது என்பதை நினைவிற் கொண்டால், முற்றத்தின் அருமை விளங்கும்.

இனி, ஒரு வீட்டில் ஒரு நாளைப் பார்ப்போம். இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு கறவைப் பசுவும் இரண்டு ஆடுகளும் உள்ள குடும்பம். தாய், தகப்பன், பாட்டி, பள்ளி செல்லும் ஒரு பையன், நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று. இத்தகைய வீடு எந்த ஊரிலும் உண்டு.

விடியற்காலையில் தாய் வாசல் தெளித்துக் கோலமிடுகிறாள். குழந்தை மாவுக் கிண்ணத்தில் கையை விடுகிறது. அதட்டாமல், ஓர் ஓரத்தில் 3 புள்ளி 3 வரிசை வைத்துக் கொடுத்து, ஒரு சிட்டிகை மாவும் கொடுத்துவிட்டால் போதும். "இந்த வரிசையில் ஒரு புள்ளி குறைகிறதே கண்ணு, எங்கே போயிற்று?" என்று தாய் கேட்கிறாள். குழந்தை விரல் வைத்து எண்ணிப் பார்த்து, விட்டுப்போன இடத்தில் புள்ளியை வைக்கிறது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து மாவைச் சீராக விழச் செய்யும் அந்தப் பழக்கம், நாளை எழுதுகோலைப் பிடிக்கப்போகும் அதே விரல்களுக்கு ஏற்பட்ட பயிற்சியாகும். கோடு கோணினால் கோணட்டும்.

தகப்பன் பால் கறக்கும்போது குழந்தை கன்றின் அருகே நிற்கிறது. பசுவின் மடியில் எத்தனை காம்பு என்று அவர் கேட்கிறார். நான்கு. ஆட்டின் மடியில்? குழந்தை ஓடிப்போய்ப் பார்த்து வந்து, இரண்டு என்கிறது. இதற்குச் செலவு ஏதும் இல்லை. கறவை வேலையும் நிற்கவில்லை. ஆயினும் பார்த்து, எண்ணி, ஒப்பிட்டு, விடை சொல்லும் பழக்கம் அங்கே தொடங்கிவிட்டது. குழந்தை வளர்ப்பு தாயின் பொறுப்பு மட்டுமே என்று எண்ணும் நம் ஆடவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் நாள் முழுவதும் செய்யும் வேலைகளிலே குழந்தைக்குச் சொல்லத்தக்க செய்தி மலிந்து கிடக்கிறது. சொல்வதற்கு வாய் திறக்க வேண்டும், அவ்வளவே.

சமையலறையில் அரிசி அளக்கும் உழக்கு இருக்கிறது. நான்கு உழக்கு கொண்டது ஒரு படி. இந்த அளவைகள் கடைத்தெருவிலிருந்து மறைந்துவிட்டபோதிலும் பல வீடுகளில் இன்றும் கிடக்கின்றன. இல்லையென்றால் ஒரு டம்ளரும் ஒரு சொம்பும் போதும். தாய் உலை வைக்கும் நேரத்தில், முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக் குழந்தையை அளக்க விடலாம். ஒரு டம்ளர் தண்ணீரை ஒடுங்கி உயர்ந்த பாத்திரத்தில் ஊற்றினால் அது அதிகம் என்றும், அதே அளவை அகன்ற தட்டில் ஊற்றினால் குறைவு என்றும் குழந்தை கூறும். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜான் பியாஜே இதை நெடுங்காலம் ஆராய்ந்து, உருவம் மாறினாலும் அளவு மாறவில்லை என்பதைப் பெரும்பாலான குழந்தைகள் 7 வயது வாக்கிலேயே உணர்கின்றன என்று கண்டார். எனவே தவறென்று சொல்லித் திருத்த முற்பட வேண்டாம். திரும்பத் திரும்ப ஊற்றட்டும். தண்ணீர் வீணாகுமே என்று கவலைப்படுவோர், வாளியை வாழை மரத்தடியில் வைத்துக்கொள்ளலாம்.

துவரை, மொச்சை, பாசிப்பயறு ஆகியவற்றைக் கலந்து கொடுத்து இனம் பிரிக்கச் சொல்வதும் நல்ல விளையாட்டு. ஆனால் 3 வயதுக்குட்பட்ட குழந்தையிடம் சிறு விதைகளைக் கொடுத்துவிட்டு அப்பாற் செல்லலாகாது; மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும், விழுங்கித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

முற்பகலில் பாட்டி கஞ்சிக் கலயத்துடன் வயலுக்குப் புறப்படுகிறாள். குழந்தையும் உடன் செல்கிறது. வரப்பில் தவளையும் நண்டு வளையும் உண்டு. நடவு வயலிற் கொக்குகள் உண்டு. மடையைத் திறந்தவுடன் தண்ணீர் ஏன் அந்தப் பக்கம் ஓடுகிறது என்று குழந்தை கேட்டால் உடனே விடை சொல்லிவிடாதீர்கள். "நீயே பார்த்துச் சொல் தாயி" என்று விட்டுவிட்டால், அது சேற்றிலே விரலால் ஒரு கால்வாய் கீறி, ஒரு சிற்றணை கட்டி, அணை உடைந்து, மறுபடியும் கட்டும். இதற்கு அரை மணி நேரம் ஆகலாம். அந்த அரை மணி நேரமும் மற்றவர்கள் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம்.

வீட்டுக் கொல்லையில் குழந்தைக்கென இரண்டடி நிலம் ஒதுக்குவது மிகச் சிறந்த ஏற்பாடு. அதுவும் இயலாதெனில், அடியில் துளையிட்ட ஒரு கொட்டாங்கச்சியில் ஈர மணல் நிரப்பிப் பாசிப்பயறு ஊன்றலாம். மற்றொன்றில் காய்ந்த மணலில் ஊன்றித் தண்ணீர் விடாமல் வைக்க வேண்டும். நாள் ஒன்றுக்கு ஒரு புளியங்கொட்டை வீதம் ஒரு டப்பாவில் போட்டு வந்தால், மூன்று நான்கு கொட்டைகள் சேர்வதற்குள் ஒன்று முளைத்திருக்கும். மற்றது அப்படியே இருக்கும். ஏன் என்ற கேள்வியைக் குழந்தையே கேட்கும்.

நண்பகலில் உணவும் உறக்கமும். 3, 4 வயதுக் குழந்தைக்குப் பகலுறக்கம் உட்பட நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும் என்றும், குறைந்தது 3 மணி நேரம் உடல் அசைந்து விளையாட வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. கைப்பேசி, தொலைக்காட்சி ஆகியவற்றின் முன் உட்கார்ந்திருப்பது ஒரு மணி நேரத்தை மிஞ்சக் கூடாது. குறைந்தால் இன்னும் நன்று என்பதும் அதே நெறிமுறை. இன்று பல வீடுகளில் அழும் குழந்தைக்கு முதலிற் கிடைப்பது கைப்பேசியே. அது நாள் முழுவதும் பேசும். ஆனால் குழந்தை சொல்வதைக் கேட்டு அதற்கேற்ப மறுமொழி கூறாது. பாட்டி கூறுவாள்.

பிற்பகலில் அண்டை வீட்டுக் குழந்தைகள் கூடுகின்றனர். மணலைக் கரைபோல் குவித்து உள்ளே குச்சியை மறைத்துக் கண்டுபிடிக்கச் செய்யும் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம், கைக்குள் உள்ள முத்துக்கள் ஒற்றையா இரட்டையா என்று ஊகிக்கும் ஆட்டம், கண்ணாமூச்சி, பல்லாங்குழி ஆகிய இவற்றையெல்லாம் நம் முன்னோர் பொழுதுபோக்காக மட்டுமே கருதினர் போலும். பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். வரிசைக்கு ஏழாக 14 குழிகள். கையில் எடுத்த முத்துக்களைக் குழிக்கு ஒன்றாக இட்டுச் செல்ல வேண்டும். ஒரு குழியைத் தாண்டினாலும், ஒரு குழியில் இரண்டு விழுந்தாலும் எதிரில் இருப்பவர் விடமாட்டார். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்னும் கணக்கின் அடிப்படை இங்கே கைவழியாக மனத்திற் பதிகிறது.

இதன் முக்கியத்துவத்தை நான் ஒரு வீட்டில் நேரிற் கண்டேன். ஒன்று முதல் நூறு வரை மூச்சு விடாமல் ஒப்பித்த ஒரு சிறுவனைப் பெற்றோர் பெருமையோடு என் முன் நிறுத்தினர். கூடையில் இருந்த புளியங்கொட்டைகளில் ஏழு எடுத்துத் தரும்படி கேட்டேன். அவன் ஒரு கை நிறைய அள்ளி நீட்டினான். அவன்மீது குற்றமில்லை. எண்களின் பெயர்களை அவனுக்குப் பாட்டாகக் கற்பித்திருந்தார்களே ஒழிய, எண்ணக் கற்பிக்கவில்லை. பத்து நாள் பல்லாங்குழி ஆடினால் தீர்ந்துவிடும் குறைதான். ஆனால் அக்குறை தெரியாமலே அவன் முதல் வகுப்பிற் சேர்ந்திருந்தால், கூட்டலும் கழித்தலும் அவனுக்கு வெறும் ஓசையாகவே இருந்திருக்கும்.

விளக்கேற்றியபின் கதை நேரம். பாட்டி கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, "அப்புறம் அந்த நரி என்ன செய்திருக்கும்?" என்று கேட்கிறாள். குழந்தை ஒரு முடிவு சொல்கிறது. அது பாட்டி அறிந்த முடிவாக இராது. இருக்க வேண்டியதும் இல்லை. மூத்த பையன் தன் பாடப் புத்தகத்திலுள்ள படங்களைத் தங்கைக்குக் காட்டலாம். வீட்டுப் பேச்சு வழக்கு கொச்சையானது என்று எண்ணி, தெரியாத மொழியில் நாலு சொல்லைத் திணிக்க வேண்டுவதில்லை. தன் வீட்டு மொழியில் தாராளமாகப் பேசக் கேட்ட குழந்தையே, பின்னர் எம்மொழியையும் எளிதிற் கற்கும்.

எழுதுகோல் எப்பொழுது?

மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவையனைத்தும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக இறுகத் தொடங்கும் அவற்றுள் கடைசி எலும்பு 12 வயதை ஒட்டியே இறுகத் தொடங்குகிறது. மூன்று வயதுக் கையால் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது, பால் பிடிக்காத கதிரை அறுக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். தனியார் பாலர் வகுப்பு ஒன்றில் நாள்தோறும் இரண்டு பக்கம் வீட்டுப் பாடம் பெற்றுவந்த ஒரு குழந்தை, சிலேட்டை வைக்கோற்போரில் ஒளித்து வைத்துவிட்டுக் காணவில்லை என்று சொன்னதை நான் அறிவேன். மாடு வைக்கோலை இழுத்தபோது சிலேட்டும் வெளிவந்தது. வீட்டார் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிப்பு என்றால் ஒளிந்துகொள்ள வேண்டியது என்ற பாடத்தை அக்குழந்தை முதலிலேயே கற்றுவிட்டது.

மணலில் குச்சியால் கீறுதல், செங்கல் துண்டால் திண்ணையில் வரைதல், களிமண்ணைப் பிசைந்து உருட்டுதல் ஆகியவை நான்கு வயதுக்குப் போதும். குழந்தை தானாகத் தன் பெயரின் முதல் எழுத்தைக் கேட்டால் தயங்காமல் எழுதிக் காட்டலாம். கேட்கும்போது கொடுப்பது வேறு, கேளாதபோது திணிப்பது வேறு.

விளையாட்டும் வேலையும்

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். வீட்டு வேலையிலே கல்வி உண்டு என்று சொன்னவுடன், குழந்தையை வேலைக்குப் பழக்க வேண்டும் என்று பொருள் கொண்டுவிடலாகாது. மாவுக் கிண்ணத்தை விட்டுக் குழந்தை எழுந்து ஓடினால் அத்துடன் அது முடிந்தது. ஓட விடாமல் பிடித்து உட்கார்த்தினால் அது விளையாட்டும் அன்று, கல்வியும் அன்று. அதைவிடக் கொடுமை, சிறு குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பத்து வயது அக்காளைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது. ஒரு குழந்தையின் விளையாட்டுக்கு மற்றொரு குழந்தையின் படிப்பை விலையாகக் கொடுக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன.

மேலே சொன்னவாறு நாளைக் கழிக்க நிலமும் மாடும் பாட்டியும் உள்ள வீட்டிலேதானே இயலும் என்று சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. விடியும் முன் கூலி வேலைக்குச் செல்லும் தாய்க்கு இத்தனை நேரம் ஏது? அவளிடம் இவை அனைத்தையும் எதிர்பார்ப்பது தகாது. இரவு உணவு ஊட்டும்போது "இன்று என்ன பார்த்தாய்?" என்று கேட்டு, குழந்தை சொல்லி முடிக்கும் வரை கேட்டிருந்தால் அதுவே பெரிது. பகற்பொழுதுக்கு அங்கன்வாடி வேண்டும். வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்கும் அங்கன்வாடி வேண்டியதே. சத்துணவு, எடை பார்த்தல், தடுப்பூசி பற்றிய கவனிப்பு, பிற வீட்டுக் குழந்தைகளோடு பகிர்ந்து விளையாடும் பழக்கம் ஆகியவை ஒரே இடத்திற் கிடைப்பது அங்கேதான்.

பஞ்சாயத்து செய்யக் கூடியது

குழந்தை முற்றத்திலும் வயலிலும் விளையாட வேண்டுமானால், அவ்விடங்கள் உயிருக்கு ஆபத்தில்லாதவையாக இருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில், விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தை, பயனற்றுக் கிடந்த ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்ததை நாடே கண்டது. பயனற்ற ஆழ்துளைக் கிணறுகளைக் களிமண், மணல், கற்கள் ஆகியவற்றைக் கொண்டு தரை மட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்திருந்தது. ஒவ்வொரு பஞ்சாயத்து உறுப்பினரும் தம் வார்டில் இத்தகைய துளைகள் எத்தனை, கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகள் எத்தனை, மூடியில்லாத தண்ணீர்த் தொட்டிகள் எத்தனை என்று ஒரு முறை நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வார்டுக்கு ஒரு காலைப் பொழுது போதும்.

விவசாயிகள் தம் பங்குக்குப் பூச்சிமருந்தைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும். குளிர்பானப் புட்டியில் மருந்தை ஊற்றி வைக்கும் வழக்கம் அடியோடு நிற்க வேண்டும். காலியான மருந்துப் புட்டியும் அதன் மூடியும் குழந்தைக்கு அழகான விளையாட்டுப் பொருளாகத் தோன்றும் என்பதை மறந்துவிடுகிறோம். மோட்டார்க் கொட்டகைக் கதவுக்கும் ஒரு தாழ்ப்பாள் வேண்டும்.

பெண்கள் கூட்டமாக வேலை செய்யும் இடங்களைப் பற்றியும் எண்ண வேண்டும். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ பணியிடத்துக்கு உடன் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள வேலையாட்களுள் ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று வகை செய்யப்பட்டிருந்தது. அப்பெண் மரநிழலில் வெறுமனே உட்கார்ந்து காவல் காப்பதோடு நில்லாமல், கதையும் விளையாட்டும் நடத்தினால் அந்நிழலே ஒரு பாலர் பள்ளியாகும். நடவிலும் அறுவடையிலும் கூட்டாக ஆள் வைக்கும் நிலக்காரர்கள் இந்த ஏற்பாட்டைத் தாமாகவே கைக்கொள்ளலாம். ஓர் ஆள் கூலி அதிகமாகும், அவ்வளவே.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் கிராம சபைக்கு உரியவை. சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றி மக்கள் எழுந்து பேசுகிறார்கள். அங்கன்வாடியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பேசினாலும் கூரை ஒழுகுவதைப் பற்றியே பேசுகின்றனர். அங்கே மணல் இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, குழந்தைகள் கையால் எடுத்து விளையாட ஏதேனும் பொருள் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். ஊர்த் தச்சரிடம் வழவழப்பாக இழைத்த கட்டைத் துண்டுகள் சிலவற்றைக் கேட்டுப் பெறலாம். அரை வண்டி ஆற்று மணலைச் சலித்து ஒரு மூலையிற் கொட்டி, நாய் படுக்காதபடி இரவில் ஒரு சாக்கால் மூடி வைக்கலாம். வேம்போ புங்கனோ ஒன்று நட்டு வேலியிடலாம். அங்கன்வாடித் தாழ்வாரத்துக்குச் சிமெண்டுத் தளம் போடும் வேலை வந்தால், பல்லாங்குழிக்கு ஓர் இடம் விடும்படி கொத்தனாரிடம் அன்று காலையிலேயே சொல்லிவிட வேண்டும். தளம் இறுகுவதற்குள் ஒரு சிறு கிண்ணத்தை அழுத்தி 14 குழிகளையும் அவர் அமைத்துவிடுவார்.